தோற்கும் டீமின் பி.டி. மாஸ்டர்

மலைப்பள்ளிக் கால்பந்து டீமின் பி.டி. மாஸ்டர், கழுத்தில் விசிலும் தலையில் குரங்குக் குல்லாயும் இல்லாமல் வெளியே காணப்படாத மனிதர். குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் வழியில், கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேலே இருக்கும் கேத்திப் பள்ளத்தாக்கில் இந்த வகையினரைத் தாராளமாகப் பார்க்கலாம். வயது நாற்பதுக்கு மேல். தொப்பை உண்டு, மேலே போட்டிருக்கும் ஸ்வெட்டரின் கணக்கில் அது சேர்ந்துவிடுவதால் யாரும் கேட்பதில்லை.

இவரது பூர்வீகம் சற்றுப் பெரியது. 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியோடு போய்வந்தவர். பின்னாளில் கல்லூரியான அந்த இடத்திலிருந்து கிளம்பிய பரம்பரைதான் இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விசில் ஊதிக்கொண்டிருக்கிறது. ஒலிம்பிக்ஸில் ஆரம்பித்த வம்சம் காலை பிரேயரில் வரிசை நேராக்குவதற்கும், தாமதமாக வருபவனை கேட்டில் மடக்குவதற்கும், காதுக்கு மேல் முடி வளர்த்தவனைச் சலூனுக்கு அனுப்புவதற்கும் வந்து சேர்ந்தது எப்படி என்பது தனி ஆராய்ச்சி. சுதந்திர தினத்தன்று கொடி முடிச்சு அவிழாமல் போனாலும் திட்டு இவருக்குத்தான். இத்தனைக்கும் நடுவே மிஞ்சுகிற நேரத்தில் விளையாட்டு.

அந்த நேரமும் மிஞ்சுவதில்லை. பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்குவது தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம். உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது, இனி அப்படிக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொண்டார். கணக்கு டீச்சர் அதை மதித்து இப்போதெல்லாம் கடன் கேட்பதில்லை, கைமாற்றாகக் கேட்கிறார். ஆகவே பிராக்டீஸ் கடைசி பெல் அடித்த பிறகுதான் தொடங்கும். மூடுபனியும் அதே நேரத்தில்தான் பள்ளத்திலிருந்து ஏறி வரும்.

முதலில் எதிர்க் கோல் போஸ்ட் மறையும், பிறகு நடுக்கோடு, பிறகு மாஸ்டர். விசில் சத்தத்தை வைத்து அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பையன்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள். பனிக்குள் தனியாக நிற்கும் கோல் கீப்பரிடம் அவ்வப்போது, "டேய், இருக்கியாடா?" என்று குரல் கொடுப்பது பயிற்சியின் ஓர் அங்கம். "இருக்கேன் சார்" என்று பதில் வரவேண்டும். வராவிட்டால் கீப்பர் பாலாடா பஸ்ஸைப் பிடித்துவிட்டான் என்று பொருள். அவன் பஸ் ஏறிப் போன பிறகும் கால் மணி நேரம் அந்தக் கோலில் ஒரு பந்தையும் போட முடியாமல் போராடுவது இந்த டீமின் தனித்தன்மை.

நீலகிரியில் சமதளம் கிடைப்பது அபூர்வம். விதிப்புத்தகம் கால்பந்து மைதானத்தின் நீளம் குறைந்தது 90 மீட்டர் என்கிறது. பள்ளி மைதானமோ மலையைச் சீவி எடுத்தது. ஒரு பக்கம் மண் சுவர். மறுபக்கம் படிப்படியாக இறங்கும் காரட் தோட்டம். வலது பக்கம் பலமாக உதைத்தால் பந்து மூன்று படி கீழே போய்ச் சேரும். உதைத்தவனேதான் இறங்கி எடுத்துவர வேண்டும்; அவன் ஏறி வருவதற்குள் மீதிப் பேர் உட்கார்ந்து கதை பேசிவிடுவார்கள். தோட்டக்கார அண்ணன் நல்ல மனிதர். "சார், பந்து வந்தா பரவால்லங்க, பசங்க வராம பாத்துக்கங்க. பந்து காரட்டு திங்கறதில்ல" என்று மட்டும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போனார்.

இதன் விளைவு தொழில்நுட்ப ரீதியானது. வலது விங்கில் பந்தைத் தொடவே பயப்படும் ஒரு தலைமுறை உருவாகிவிட்டது. எல்லோரும் சுவர்ப்பக்கமே ஆடுவார்கள். ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானம் போலச் சமமான, விரிந்த இடத்தில் இறக்கிவிட்டால் அங்கேயும் பதினொரு பேரும் இடது ஓரத்தில் அடைந்துகொண்டு, இல்லாத சுவரில் பந்தைத் தட்டப் பார்ப்பார்கள். காலியாகக் கிடக்கும் வலது பக்கத்தில் எதிரணி நிதானமாக நடந்து போய்க் கோல் போடும். கூடலூர்ப் பக்கத்துப் பையன்கள் என்றால் இன்னும் மோசம். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் மலப்புரம். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் கால்பந்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள்.

ஆட்டம் நடக்கும்போது படுகர் சமூகத்துப் பையன்கள் தங்களுக்குள் படுகு மொழியில் கத்திக்கொள்வார்கள். எதிரணிக்குப் புரியக்கூடாது என்பது ஏற்பாடு. டீமின் மீதிப் பாதிக்கும் புரியாது, மாஸ்டருக்கும் புரியாது என்பதை யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை.

ஜூன் மாத டீம் தேர்வுக்கு மைதானம் நிறையப் பையன்கள் வருவார்கள். பருவமழை பிடித்ததும் பாதி. மேட்டுப்பாளையம் மண்டிக்கு லோடு ஏற்றும் நாட்களில் வீட்டுத் தோட்டத்தில் ஆள் போதாது என்று இன்னும் சிலர் காணாமல் போவார்கள். மார்கழியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அதற்கு முன்னும் பின்னும் எந்த மாஸ்டராலும் ஒரு டிஃபெண்டரைக்கூடத் தேற்ற முடியாது. மிஞ்சியவர்களை வைத்துப் பிராக்டீஸ் நடக்கும் ஒரு மாலையில் காட்டெருமை வரும். பெனால்டி பாக்ஸுக்குள் வந்து நின்று புல் மேயும். விசில் ஊதினால் தலையைத் தூக்கிப் பார்க்கும்; அதோடு விசில் மாஸ்டரின் பாக்கெட்டுக்குள் போய்விடும். டீம் மொத்தமும் மண் சுவரின் மேல் ஏறி உட்கார்ந்து அரை மணி நேரம் காத்திருக்கும். வருஷத்திலேயே அவர்கள் சொன்ன இடத்தில் சொன்னபடி ஒழுங்காக வரிசையாக இருப்பது அன்றைக்குத்தான்.

ஸ்டோர் ரூம் என்பது தலைமையாசிரியர் அறைக்குப் பின்னாலுள்ள ஒரு பீரோ. அதில் இரண்டு பந்து, ஒன்றுக்கு மட்டும் காற்று நிற்கும். பூட்ஸ் ஜோடிகள் ஆட்களைவிடக் குறைவு என்பதால் பதிலி ஆட்டக்காரனை இறக்க நேரம் பிடிக்கும். வெளியே வருபவன் உட்கார்ந்து கயிறு அவிழ்க்க வேண்டும், உள்ளே போகிறவன் முன்பக்கம் பேப்பர் திணித்துக்கொள்ள வேண்டும். அதுவரை பத்துப் பேர்தான். ரெஃப்ரிகளுக்கு இது பழகிவிட்டது.

அதே பீரோவில் ஒற்றைத் தோல் பேஸ்பால் கிளவுஸ் ஒன்றும் இருந்தது. அகில இந்தியப் பள்ளி விளையாட்டுப் பட்டியலில் பேஸ்பாலும் இருக்கிறது. அந்த ஹாரி பக் படித்துவந்த ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்த பாஸ்கெட்பால் தமிழ்நாட்டில் ஒட்டிக்கொண்டது. அமெரிக்கர்கள் உயிரை விடும் பேஸ்பால் ஒட்டவில்லை. ஆடும் பள்ளிகள் குறைவு என்றால் சான்றிதழ் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். சான்றிதழ் இருந்தால் எஞ்சினியரிங் கவுன்சலிங்கில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நிற்கலாம். மாஸ்டர் ஒரு வாரம் இப்படிக் கணக்குப் போட்டு, சொந்தக் காசில் அந்தக் கிளவுஸையும் வாங்கி, டேப் பிடித்து மைதானத்தை அளந்தார். ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் இடையே 90 அடி வேண்டும். மூன்றாவது பேஸ் காரட் தோட்டத்துக்குள் விழுந்தது. கிளவுஸ் இப்போது குளிருக்காகக் கோல் கீப்பரின் இடது கையில்.

குறுவட்டப் போட்டியில் இந்த டீம் பெரும்பாலும் முதல் ஆட்டத்தோடு திரும்பிவிடும். தோல்விக்குப் பிறகுதான் மாஸ்டரின் முழுத் திறமையும் வெளிப்படுகிறது. ஏழு கோல் வாங்கினால், "ஏழுல ரெண்டு ஆஃப்சைடு, ஒண்ணு நம்ம பையன் போட்டது. நாலுதான்டா நெஜம்" என்பார். நாலு கோலுக்குக் குன்னூர் டீம்கூடப் போன வருஷம் தோற்றது என்று ஆறுதலும் சொல்வார். பஸ் ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீயும் வர்க்கியும் இவர் செலவு. பில் எந்த ரெஜிஸ்டரிலும் ஏறாது. மறுநாள் பிரேயரில் தலைமையாசிரியர் முடிவைக் கேட்டால், "நல்ல எக்ஸ்போஷர் சார்" என்று பதில் வரும். எக்ஸ்போஷர் என்றால் எத்தனை கோல் என்று கேட்கும் வழக்கம் இல்லை.

இவரிடம் படித்தவர்களில் மாநில அணிக்குப் போனவர் கிடையாது. ஒருவர் பட்டாளத்தில் சேர்ந்தார், ஒருவர் பாலாடாவில் காரட் கழுவும் மெஷின் வைத்திருக்கிறார், மூன்று பேர் டிரைவர்கள். ஐந்து பேரும் பார்த்த இடத்தில் வண்டியை நிறுத்தி, "வாங்க சார், இறக்கிவிடறேன்" என்பார்கள். கணக்கு டீச்சர் இன்னும் பஸ்ஸில்தான் போகிறார்.

ஜூனில் மறுபடி தேர்வு. வீட்டில் உபயோகிக்காத பூட்ஸ் இருந்தால் கேத்தியில் உள்ள பள்ளிகளில் பி.டி. மாஸ்டரைக் கேட்டுக் கொடுக்கலாம். ஏழு, எட்டாம் நம்பருக்குத் தேவை அதிகம். கயிறு இல்லாவிட்டாலும் பரவாயில்லை.