முழங்கால் தெரிந்த கதை

பனி கொட்டுகிற ஊரில் பிள்ளையின் முழங்காலைத் திறந்துபோட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய ஜனங்களை என்னவென்று சொல்வது! இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில் இங்கிலாந்தில் அதுதான் நாகரிகம். சாம்பல் நிறக் கம்பளித் துணியில் அரைக்கால் சிலுவார். கீழே முழங்கால் வரை ஏறிய ஸ்டோக்கிங். தலையில் பள்ளிச் சின்னம் வைத்த தொப்பி, ஏழு வயசுப் பயலுக்குக் கழுத்தில் டை, இடுப்பில் பாம்புக் கொக்கி போட்ட எலாஸ்டிக் பெல்ட். உடம்பெல்லாம் போர்த்திவிட்டு, குளிருக்கு மட்டும் இரண்டு ஜன்னல் மாதிரி முழங்காலைத் திறந்து வைத்தார்கள்.

மலாக்காவில், எங்கள் குருபோங்கில் காலை பத்து மணிக்கே தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. இங்கே அரைக்கால் என்றால் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் மலாயாத் தோட்டத்துத் துரைமார் பலரும், வெயிலில் வளர்ந்த மகனை ஏழெட்டு வயதில் கப்பலேற்றி, சீமையில் விடுதிப் பள்ளியில் தள்ளி, அங்கே போய் முழங்காலைக் காட்டச் சொன்னார்கள். அதைத்தான் வளர்ப்பு என்றார்கள்.

முழுக்கால் சிலுவார் அங்கே லேசில் கிடைக்காது. வசதியான வீட்டுப் பையனுக்கு 13, 14 வயதாக வேண்டும். ஏழை வீட்டுப் பையனுக்கு 14 வயதில் பள்ளியை விட்டு வேலைக்குப் போகும்போதுதான் கிடைத்தது. பயல்கள் இப்படி ஏங்கிக்கொண்டிருக்க, 1929ல் அவர்களுடைய அப்பாமார் என்ன செய்தார்கள் தெரியுமா? 'ஆண்கள் உடைச் சீர்திருத்தக் கட்சி' என்று ஒன்றைத் தொடங்கி, எங்களுக்கு அரைக்கால் சிலுவார் போட உரிமை வேண்டும் என்றார்கள். வீட்டுக்குள்ளேயே மாற்றிப் போட்டிருந்தால் கட்சிக்கு வேலை இருந்திருக்காது.

ரிச்மல் கிராம்டன் எழுதிய வில்லியம் கதைகளின் நாயகன் பாடு இன்னும் மோசம். முதல் புத்தகம் 1922ல் வந்தது, கடைசிப் புத்தகம் 1970ல். இத்தனை வருஷமும் அவனுக்கு 11 வயதுதான். போரே வந்து போய்விட்டது. முழுக்கால் சிலுவார் மட்டும் வரவில்லை. படங்களில் பாருங்கள், ஒரு ஸ்டோக்கிங் எப்போதும் கணுக்காலில் சரிந்து கிடக்கும்.

அந்த ஸ்டோக்கிங் விஷயத்தில் எங்கள் மலாக்காவுக்கும் பங்கு உண்டு. மலாயாவில் கித்தா மரத்தை வியாபாரத்துக்கென்று முதலில் நட்டவர் டான் சாய் யான். 1896ல், இங்கே புக்கிட் லிந்தாங்கில். ஸ்டோக்கிங்கைப் பிடிக்கும் எலாஸ்டிக் பட்டி, பாம்புக் கொக்கி பெல்ட், விளையாட்டுச் சப்பாத்தின் அடி எல்லாவற்றுக்கும் ரப்பர் வேண்டும். என் தாத்தா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, விடியுமுன்னே உளியோடு கித்தாக் காட்டுக்குப் போனவர். எலாஸ்டிக் வைத்த உடுப்பை அவர் ஆயுசில் போட்டதில்லை. மங்கில் அவர் சேர்த்த பால் எந்தச் சீமைப் பையனின் காலைக் கட்டியதோ! வில்லியம் வீட்டுக்கு மட்டும் போகவில்லை என்று தெரிகிறது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்து, தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் ஊருக்குக் கப்பலேற்றியபோதும் அந்த ஸ்டோக்கிங்குகள் ஏறித்தான் இருந்தன.

வில்லியம் ஓய்வு பெற்ற அதே 1970ல், ஜனவரி மாதம், மலேசியா முழுவதற்கும் ஒரே பள்ளிச் சீருடை வந்தது. ஆரம்பப் பள்ளிப் பையனுக்கு வெள்ளைச் சட்டை, கருநீல அரைக்கால். இடைநிலைப் பள்ளிக்குப் போனால் பச்சை முழுக்கால். படிவம் ஒன்றில் வயது எத்தனை? 13! சீமைக்காரன் கணக்கு அப்படியே குருபோங்கில் வந்து உட்கார்ந்துவிட்டது.

என் கருநீலச் சிலுவாரைப் பற்றி ஒரு வார்த்தை. "வளர்ற பிள்ளை" என்று அம்மா எப்போதும் இரண்டு அளவு பெரிதாகவே வாங்குவார். அதனால் நான் போட்டது அரைக்காலும் இல்லை, முழுக்காலும் இல்லை, முக்கால். அது என் உடம்புக்குச் சரியாக வரும் நாளில் பின்பக்கம் கிழிந்திருக்கும். ஸ்டோக்கிங் நழுவினால் ரப்பர் பேண்ட். பால் வெட்டிய குடும்பம், அதற்குப் பஞ்சமில்லை. பிறகு முதல் பச்சைச் சிலுவார் போட்டு நடந்த அன்று, கடைக்காரச் சித்தப்பா தலை நிமிர்ந்து, "என்னடா, பெரிய மனுஷன் ஆயிட்டியா?" என்றார். வேட்டி கட்டியபோதுகூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

இப்போது பசார் மாலாம் போய்ப் பாருங்கள். வழுக்கை விழுந்தவர், பேரன் பேத்தி எடுத்தவர், தோட்டத்தில் தண்டலாக இருந்தவர், எல்லாரும் அரைக்கால் சிலுவார். நானும்தான். 1929ல் சீமையில் கேட்ட உரிமையைக் குருபோங் அப்பாமார் கட்சி இல்லாமலே வாங்கிவிட்டோம். என் மகனோ முப்பத்திரண்டு டிகிரி வெயிலில் கணுக்கால்வரை ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு, "அப்பா, கொஞ்சம் தள்ளி நடங்க" என்கிறான்.

அண்ணன்மாரே, எங்கே வேண்டுமானாலும் அப்படியே போங்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மட்டும் வேட்டி கட்டி வந்துவிடுங்கள். வாசலில் போர்டு தொங்குகிறது.