மேடை விவகாரம்

ஆண்டு விழா மேடை, வழியனுப்பு விழா மேடை, பட்டிமன்ற மேடை, ஒரே ஒரு முறை வழி தவறி ஏறிவிட்ட தேர்தல் பிரசார மேடை என்று 31 வருஷ உபாத்தியாயர் உத்தியோகத்தில் தஞ்சாவூர்ச் சுற்றுவட்டாரத்து மேடைகளில் பெரும்பாலானவற்றைக் கண்டவன் என்ற கர்வம் எனக்கு நெடுநாளாக உண்டு. அந்தக் கர்வம் முழுவதும், 14 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள ஒரே ஒரு மேடையின் முன்னால், அதுவும் என் சொந்த வீட்டுச் சமையலறையில், பங்கப்பட்டுப்போன வரலாற்றைத்தான் இங்கே விண்ணப்பித்துக்கொள்கிறேன்.

1986-ல் வீடு கட்டியபோது அடுப்படிக்குக் கடப்பாக் கல் போட்டோம். அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற சம்பளக்காரர்களுக்குக் கல் என்றால் கடப்பாதான். 'கடப' என்றால் தெலுங்கில் வாசற்படி என்றும், திருமலைக்குப் போகிறவர்களுக்கு வாசற்படியாக இருப்பதால் அந்த ஊருக்கு அப்பெயர் வந்தது என்றும் சொல்வார்கள். வாசற்படியோடு நிற்க வேண்டியது அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. அது சுண்ணாம்புக் கல் ஜாதி. சுண்ணாம்புக்கும் புளிப்புக்கும் ஜன்மப் பகை. காலையில் சாம்பார், மத்தியானம் ரசம், ராத்திரி வத்தக்குழம்பு என்று புளியையே குலதெய்வமாகக் கொண்டாடுகிற குடும்பத்தில் சுண்ணாம்புக் கல்லைக் கொண்டுவந்து போட்டது, எலியைப் பூனை வீட்டில் குடிவைத்த காரியம். எலுமிச்சம்பழம் அறுத்த இடங்களிலெல்லாம் வெளுத்த வட்டங்கள். புளி கரைத்த பாத்திரம் இருந்த இடத்தில் கிரகணம் பிடித்தாற்போல் ஓர் அரைவட்டம். தேங்காயெண்ணெய் தடவினால் இரண்டு நாள் கறுப்பாக இருந்துவிட்டு, மூன்றாம் நாள் மறுபடியும் சாம்பல் பூத்துவிடும். இப்படி 38 வருஷம் உழைத்த பிறகு, தொட்டியருகில் அது விரிசல் விட்டு, அந்த விரிசலில் கரப்பான்பூச்சிகள் சுற்றம் சூழக் கிரகப்பிரவேசம் செய்ததும், 'மாற்றிவிடுவது' என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இந்த விவகாரத்தில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

சரித்திரம் நடத்தியவனாகையால் எதற்கும் ராஜராஜ சோழனைத் துணைக்கு அழைப்பது என் பழக்கம். கருங்கல் மலை எதுவும் அண்டையில் இல்லாத இந்த ஊரில், எங்கிருந்தோ கல்லைக் கொண்டுவந்து 200 அடிக்கு மேல் விமானம் எழுப்பி, 1010-ல் அதன் உச்சியில் கலசமும் வைத்துவிட்டான் அந்த மகாராஜன். அவன் கொடுத்தவை, அவன் தமக்கை குந்தவை கொடுத்தவை, தேவிமார் கொடுத்தவை எல்லாவற்றையும் சுவரிலே வெட்டி வைத்திருக்கிறார்கள்; ஆனால் கல்லைத் தேர்ந்தெடுத்தபோது தேவிமார் என்ன அபிப்பிராயம் சொன்னார்கள் என்பது மட்டும் நான் பார்த்தவரை எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவன் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். கேட்டிருந்தால் 1010-ல் கலசம் ஏறியிராது.

நான் கேட்டேன். ஆகவே எங்கள் காரியம் இரண்டு மாதம் நடந்தது.

முதலில் புறவழிச்சாலையில் இருக்கும் ஒரு கல் கடைக்குப் போனோம். கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்கிற சம்பந்திகளைப் போல, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு பலகை பலகையாகக் கற்கள் நின்றன. அவற்றின் பெயர்களைக் கேட்டதும் நான் படித்த பூகோளம் எனக்கே சந்தேகமாகிவிட்டது. 'காஷ்மீர் ஒயிட்' என்றார்கள். விசாரித்தால் மதுரைப் பக்கத்துக் கல். 'பாரடைஸோ' என்று சுவர்க்கத்தின் பெயரை இத்தாலிய பாஷையில் சூடிக்கொண்டு நின்றது, பிறந்தது கிருஷ்ணகிரிப் பக்கம். 'பிளாக் கேலக்ஸி' என்று நட்சத்திர மண்டலத்தையே பட்டமாகக் கட்டிக்கொண்டு பொன் துகள் மின்ன நின்றதற்கு ஜன்ம பூமி ஓங்கோலை அடுத்த சீமகுர்த்தி. நம் பிள்ளைகள் சீமைக்குப் போய்ப் பெயரைச் சுருக்கிக்கொள்கிறார்கள். கற்களோ ஊரிலேயே இருந்துகொண்டு பெயரை நீட்டிக்கொள்கின்றன.

கறுப்புக் கல் ஒன்றைக் காட்டி, "இது விழுப்புரம் ஜில்லா குன்னம் கிரானைட் சார்" என்றான் கடைப் பையன். பூகர்ப்ப சாஸ்திரப்படி கறுப்பு நிறத்தில் கிரானைட் என்று ஒன்று கிடையாது, அது டாலரைட், காப்ரோ என்னும் வேறு இனம், கடைக்காரர்கள்தாம் கெட்டியான கல்லையெல்லாம் கிரானைட் என்கிறார்கள் என்று அவனுக்கு எடுத்துச் சொன்னேன். மிகுந்த பொறுமையோடு கேட்டுவிட்டு, "பில்லுல கிரானைட்னுதான் சார் வரும்" என்றான்.

பக்கத்தில் நீலமும் சாம்பலும் கலந்த நிறத்தில் ஒரு கல் நின்றது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று; பிடித்துப்போனதால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் பல்லாவரம் மலைக் கல்லின் ஞாபகம் வந்துவிட்டது. கல்கத்தாவில் கும்பினிக்காகக் கொடி நாட்டிய ஜோப் சார்னாக் என்ற துரையின் சமாதிக்குப் பல்லாவரத்துக் கல்லைத்தான் கொண்டுபோய் வைத்தார்கள் என்றும், ஹாலந்து என்ற சாஸ்திரி அதை ஆராய்ந்து 1893-ல் அந்தத் துரையின் பெயராலேயே 'சார்னோக்கைட்' என்று நாமகரணம் செய்தார் என்றும், இதுவும் பார்வைக்கு அதே இனமாகத்தான் தெரிகிறது என்றும் என் சம்சாரத்திடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"கல்லறைக் கல்லா?" என்றாள். அத்தோடு அந்தக் கல்லின் விவகாரம் முடிந்தது.

கடையில் கொடுத்த மாதிரித் துண்டுகள் ஐந்தைக் கொண்டுவந்து கொல்லைத் தாழ்வாரத்தில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் தலையிலும் புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு, காப்பி டிகாஷன், எண்ணெயில் குழைத்த மஞ்சள் தூள் ஆகிய நான்கையும் பொட்டுப் பொட்டாக வைத்து, ராத்திரி முழுவதும் ஊறவிட்டுப் பரீட்சை நடத்தினேன். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பரீட்சை நடத்தக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது. கறுப்பு சகல பாடங்களிலும் தேறியது. காஷ்மீரப் பட்டம் பெற்ற மதுரைக்காரரோ மஞ்சளை அப்படியே உறிஞ்சி வைத்துக்கொண்டார். துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தேன். காரம் பட்டதும் மஞ்சள் செக்கச்செவேல் என்று சிவந்துபோயிற்று. அந்தச் சமயத்தில் கொல்லைப்பக்கம் வந்த என் சம்சாரம், சிவப்புத் தண்ணீரோடு நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க ஆலாத்தி?" என்று கேட்டாள்.

நான் மனம் தளரவில்லை. மஞ்சளின் சாயம் வெயிலுக்கு ஆற்றாது என்பது எனக்குத் தெரியும். இரண்டு நாள் கல்லை வெயிலில் காய வைத்தேன். கறை வெளுத்தே விட்டது. வெற்றியோடு கொண்டுபோய்க் காட்டினேன். "அப்ப கூரையைப் பிரிச்சிடலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் கீரை ஆய ஆரம்பித்துவிட்டாள்.

இதற்கிடையில் பெங்களூரில் இருக்கும் எங்கள் புத்திரன் தொலைபேசியில் பிரவேசித்து, கல்லெல்லாம் பழைய காலம், 'குவார்ட்ஸ்' போடுங்கள், கறையே பிடிக்காது என்று உபதேசம் செய்தான். அது மலையில் பிறந்த கல் அன்று. பத்தில் ஒன்பது பங்கு படிகக் கல்லைப் பொடியாக்கி, மீதிக்குப் பிசின் போன்ற ஒரு பிளாஸ்டிக்கைச் சேர்த்து, அழுத்திச் சுட்டு எடுக்கிற பலகை. கறை பிடிக்காது என்பது பெரும்பாலும் வாஸ்தவந்தான். ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை அப்படியே வைத்தால் பிசின் கருகித் தழும்பு விழும். அடுப்பிலிருந்து இறக்கிய எதையும் அப்படியே வைப்பதுதான் எங்கள் வீட்டுச் சம்பிரதாயம். இன்னொரு சங்கதி, இது ஹாஸ்யத்துக்கு இடமில்லாதது: இந்தப் பலகையை உலர்ந்தபடியே அறுக்கிற தொழிலாளிகளின் சுவாசப்பையில் அந்தத் தூள் படிந்து, மாறாத வியாதியைக் கொண்டுவருகிறது என்பதால், ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் இதை அடியோடு தடை செய்துவிட்டார்கள். அதைப் படித்த பிறகு எனக்கு அதில் மனம் செல்லவில்லை.

மறுபடியும் கல் கடைக்குப் போனபோது என் சம்சாரம் கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. தண்ணீர்ப் பாட்டிலாக இருக்கும் என்று நினைத்தேன். கடைக்குள் போனதும் நான்கு கல்லைப் படுக்க வைக்கச் சொன்னாள். பையிலிருந்து மூன்று பொட்டலங்களை எடுத்துப் பிரித்து, ஒவ்வொரு கல்லின் மேலும் ஒரு சிட்டிகை கடுகு, ஒரு சிட்டிகை ரவை, ஒரு சிட்டிகை சர்க்கரை என்று விதை தெளிக்கிறாற்போல் தெளித்தாள். கடைப் பையன்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றிலும் வந்து நின்றார்கள். நான், இந்த அம்மாளை எனக்குத் தெரியாது என்கிற பாவனையில் விலைப்பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தேன்.

புள்ளி புள்ளியாக இருந்த கல்லில் மூன்றுமே மாயமாய் மறைந்துபோயின. "இதுல பல்லி எச்சம் கெடந்தாக்கூடத் தெரியாது" என்று அதைத் தள்ளினாள். வெள்ளையில் கடுகு தெரிந்தது, ரவையும் சர்க்கரையும் தெரியவில்லை. கறுப்பில் ரவையும் சர்க்கரையும் பளிச்சென்று தெரிந்தன, கடுகு தெரியவில்லை. "இதையே போடுங்க" என்று கறுப்பைக் காட்டினாள்.

"கடுகு தெரியவில்லையே?" என்றேன்.

"கடுகுக்கு எறும்பு வருமா? சர்க்கரைக்குத்தான் வரும். சர்க்கரை தெரிஞ்சாத் தொடைச்சிடுவேன்."

"கறுப்பெறும்பு வந்தால் கறுப்புக் கல்லில் தெரியாதே?"

"அதான் தொடைச்சிட்டேனே, அது எதுக்கு வருது?"

நியாய சாஸ்திரத்தில் இதற்கு மறுப்பு இருக்கலாம். எனக்குத் தென்படவில்லை. எனக்கென்று மிஞ்சிய ஒரே உத்தியோகமாக, எலுமிச்சம்பழத் துண்டு ஒன்றைத் தேய்த்து, அது சாயம் ஏற்றிய சுண்ணாம்புக் கல் அல்ல என்று ஊர்ஜிதம் செய்துகொடுத்தேன்.

மேடை தீர்ந்தது, அதன் பின்சுவர் பாக்கி. தாளிக்கிறபோது தெறிக்கிற எண்ணெயைத் தாங்குவதற்கு இரண்டடி உயரம் டைல்ஸ் ஒட்ட வேண்டும். விறகடுப்பு நாளில் இந்தப் பிரச்சினையே இல்லை. சுவர் முழுவதும் கரியாக இருந்தபடியால் எண்ணெய்க்கு அங்கே தனி அந்தஸ்து கிடையாது. புத்திரன் ஒரு படம் அனுப்பினான்: செங்கல்லைப் போல 3 அங்குலத்துக்கு 6 அங்குலத்தில் சின்னச் சின்ன வெள்ளை ஓடுகள், 1904-ல் நியூயார்க்கில் பூமிக்கடியில் ரயில் விட்டபோது அந்த ஸ்டேஷன்களின் சுவரில் பதித்த தினுசு. லட்சணமாகத்தான் இருந்தது. என் சம்சாரம் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள். 14 அடிச் சுவருக்கு 224 ஓடு. "இந்த 224 இடுக்கையும் டூத் பிரஷ் வெச்சு அவனா வந்து தேய்க்கப் போறான்?" ஒன்றுக்கு இரண்டடியில் பெரிய டைல்ஸாக வாங்கினால் 14-ல் முடிந்துவிடும். குஜராத்தில் மோர்பி என்ற ஊரிலிருந்து வந்தவை. வெளிர் சந்தன நிறம். பெட்டிக்கு 5 வீதம், சேதாரம் உட்பட 3 பெட்டி. நகைக்கடையில் மட்டுமே கேட்டிருந்த 'சேதாரம்' என்ற சொல்லை ஓட்டுக் கடையிலும் கேட்டதில் எனக்கு ஒரு திருப்தி உண்டாயிற்று.

அந்தத் திருப்தியில்தான் ஒரு பிழை செய்தேன். அவள் பில் போட நின்ற நேரத்தில், நடுநடுவே ஒட்டுவதற்கென்று 'ஹைலைட்டர்' என்று ஒன்று காட்டினார்கள், சித்திரம் போட்டது. இரண்டு மாதம் கல்லோடு மல்லாடியவனுக்கு ஒரு சித்திரத்தைத் தேர்ந்தெடுக்கவும் பாத்தியதை இல்லையா என்று ஒரு ரோஷம் வந்து, என் சொந்தப் பொறுப்பில் ஒரு பெட்டி வாங்கி வண்டியில் ஏற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், திராட்சைக் குலை, பாலாடைக் கட்டி, பக்கத்தில் நீண்ட கழுத்துள்ள ஒரு புட்டி, அதற்கு அருகே இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள். கிண்ணத்தில் இருந்தது திராட்சை ரசம் என்று நான் சொன்னேன். எந்த ரசம் என்று அவள் கேட்கவில்லை. பெட்டியை மூடிப் பரணில் ஏற்றச் சொன்னாள்.

கொத்தனார் வந்து கல்லை அறுத்த மூன்று நாட்களைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பையனை வைத்துப் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டுத் தண்ணீரை விட்டுக்கொண்டே அறுக்கச் சொன்னேன். அப்படியும் அந்த வாரம் எங்கள் வீட்டு இட்லியில் ஒரு நறநறப்பு இருந்தது.

எல்லாம் முடிந்து, மேடை கண்ணாடியாக மின்ன, பால் காய்ச்சின மறுநாள் என் மைத்துனரும் அவர் சம்சாரமும் வந்தார்கள். அடுப்படியில் நின்றுகொண்டே காப்பி குடித்தார்கள். டம்ளரை அந்த மேடை மேலேயே வைத்துவிட்டு அந்த அம்மாள், "கல்லை மாத்தப் போறதாச் சொன்னீங்களே அண்ணி, எப்ப ஆரம்பிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

பரணில் அந்தப் பெட்டி இன்னும் பிரித்தது பிரித்தபடி இருக்கிறது. ஐந்து ஓடுகள், ஒன்றிலும் கீறல் இல்லை, விற்ற சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடையில் சொல்லிவிட்டார்கள். திராட்சையில் பிரியமுள்ள வாசகர் எவரேனும் இருந்தால் சும்மாவே கொண்டுபோகலாம். வண்டிக்கூலி மட்டும் அவர்களுடையது.