பினாங்கு நாவில் குடியிருப்போர் பற்றிய ஆராய்ச்சி

ஜார்ஜ் டவுன் சூலியா தெருவில் நள்ளிரவில் நாசி கண்டாரை உண்டு, மேலே ஒரு தே தாரிக்கையும் அருந்திவிட்டு, "குழம்பின் பக்குவம் என் நாவுக்கல்லவா தெரியும்!" என்று பெருமிதங் கொள்ளும் அன்பர், அந்நாவுக்குத் தாம் வெறும் வீட்டுக்காரரே என்பதையும், குடியிருப்போர் கோடிக்கணக்கினர் என்பதையும் அறியாதிருத்தல் நம் நகருக்கே ஒரு குறை எனக் கருதி, இவ்விஷயத்தில் பிரவேசிக்கலானேன்.

1683இல் டெல்ப்ட் நகரத்து ஜவுளி வியாபாரியாகிய லேவன்ஹூக், தம் பல்லிடுக்கு அழுக்கைச் சுரண்டித் தாமே செய்த உருப்பெருக்கியில் வைத்து, அதில் இந்நாளில் பாக்டீரியா எனப்படும் நுண்ணிய ஜந்துக்கள் துள்ளுவதைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். நம் கடைத்தெரு ஜவுளி வியாபாரிகளுக்கு அக்கீர்த்தி கிட்டாமற் போனதற்குக் காரணம், விடிந்ததும் நாக்கை வழித்து, வழித்ததை ஒரு செம்பு நீரால் சாக்கடைக்கு அனுப்பிவிடும் ஆசாரமே என்பது அடியேன் துணிபு.

அவ்வாறு அனுப்பாமல், அதில் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி, அனலில் காட்டி, ஊதாச் சாயமும் அயோடினும் வார்த்து, சாராயத்தால் கழுவி, சிவப்புச் சாயமிட்டால், ஊதாவை விடாது பற்றுவோர் ஒரு ஜாதியாகவும், அதை இழந்து சிவப்போர் மறு ஜாதியாகவும் பிரிவர். 1884இல் கிராம் என்னும் டேனிஷ் வைத்தியர் வெளியிட்ட முறையே இதற்கு மூலம். ஊதாச் சங்கிலியாய் நிற்போர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வம்சத்தார். ஆரோக்கியமான நாவில் பிரதானமாக வசிக்கும் ஸலிவேரியஸ் அவ்வம்சமே. சர்க்கரை மிகுந்த வளர்ப்புத் தட்டில் விட்டால் கொழுகொழுவென்று பருத்துவிடுவார். அவர் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்க, சிவப்பு ஜாதி வெய்லோனெல்லாவோ சர்க்கரையைத் தீண்டாமல் அவ்வமிலத்தையே உண்டு ஜீவிக்கிறார். தட்டில் வளரச் சங்கோஜப்படுவோரை அவர்தம் 16எஸ் என்னும் மரபணுவைப் படித்து இனங்காணலாம்.

இவர்கள் சும்மா இருந்து தின்பவரல்லர். சோவ்ராஸ்தா சந்தைக் கீரையிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக்க நம் தேகத்துக்குத் திராணி சொற்பம். ரோத்தியா, நைஸ்ஸீரியா முதலானோர் அதைச் செய்து தர, விழுங்கியபின் அது நைட்ரிக் ஆக்ஸைடாகி ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. கிருமிநாசினியால் நாள்தோறும் வாய் கொப்பளித்து இவர்களைக் காலி செய்தோர் சிலருக்கு ரத்த அழுத்தம் சற்றே ஏறியதுண்டு.

நாக்கு வழிப்போர் அஞ்ச வேண்டா. மேலே தளர்ந்திருப்போர் போனாலும், தோலணுக்களை ஒட்டி வாழ்வோர் எஞ்சிப் பெருகுவர். ஆராய்ச்சிக்குரிய சரக்கு மறுநாள் காலையே தயார். அதை வைக்கக் குளிர்ப்பெட்டியில் இடங்கேட்ட விண்ணப்பத்துக்குத்தான் வீட்டில் இன்னும் மறுமொழி வரவில்லை.