குண்டூர்ச் செத்தலின் கொழும்புச் சுற்றுலா

(கிளிநொச்சி அக்கராயன் சந்திப் பக்கம் ஒரு பலசரக்குக் கடை. தராசுக்குப் பின்னால் கடையக்கா. குளத்துக்குக் கீழே கொஞ்ச வயலும் அவவுக்கு உண்டு. முன்னால் வாங்கில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, மடிக்கணினியோடு திட்டத்தம்பி. எந்தத் திட்டம் என்று கேட்காதீர்கள்; திட்டம் மாறினாலும் தம்பி மாறுவதில்லை.)

தம்பி: அக்கா, ஒரு விசயத்தை யோசிச்சுப் பாருங்கோ. இந்தியா எங்களுக்குக் கூப்பிடு தூரம்.

அக்கா: ஓம் மோனை. நாங்களும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறம்.

தம்பி: பகிடியில்லை அக்கா. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவிலை ஒரு முப்பது கிலோமீற்றர்தான். காங்கேசன்துறையிலையிருந்து நாகபட்டினம் அறுபது கடல்மைல் சொச்சம். பிராந்திய இணைப்புத்திறனுக்கு இதைவிட வாய்ப்பான இடம் உலகத்திலை இல்லையெண்டு எங்கடை அறிக்கையிலை முதல் பக்கத்திலையே கிடக்கு.

அக்கா: அறிக்கையை வையும். உந்தச் சாக்கை ஒருக்கால் அவிழும்.

(தம்பி அவிழ்க்கிறார். செத்தல் மிளகாய். காம்போடு, கறுத்த சிவப்பில், பாதி நொறுங்கி. சாக்கின் அடியில் விதையும் தூளும் குவிந்திருக்கின்றன. தம்பி நாலு தரம் தும்மி, அடையாள அட்டையால் மூக்கைப் பொத்துகிறார். அந்த அட்டை ஒரு வேலைக்கு உதவியதை இன்றைக்குத்தான் பார்க்கிறோம்.)

அக்கா: இது குண்டூர்ச் செத்தல். ஆந்திரா. உம்மடை கூப்பிடு தூரத்திலையிருந்து வந்தது. எப்படி வந்ததெண்டு தெரியுமோ?

தம்பி: கப்பலிலை.

அக்கா: கப்பலிலைதான். சென்னையிலை ஏறினதெண்டு வையும். பாக்கு நீரிணையிலை பெரிய கப்பல் ஓடாது, தண்ணி காணாது. தோண்டிக் கால்வாய் வெட்டப்போறம் எண்டு 2005 இலை அங்காலை தொடங்கினவை, பிறகு விட்டிட்டினம். அதாலை கப்பல் எங்கடை முல்லைத்தீவுக்கு வெளியாலை, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாந்தோட்டை எண்டு கிழக்காலை இறங்கித் தெற்காலை சுத்தி, கொழும்புக்குப் போய்ச் சேருது. செல்வச்சந்நிதியிலை வெளிக்கிட்டுக் கதிர்காமத்துக்கு நடக்கிற அடியார் மாதிரி, எங்கடை மிளகாயும் வருசம் முழுக்கக் கிழக்குக் கரையாலை யாத்திரை போகுது.

தம்பி: அது கப்பல் பாதை அக்கா, அதுக்கு...

அக்கா: இரும், யாத்திரை முடியேல்லை. கொழும்பிலை இறங்கிப் புறக்கோட்டைக்குப் போகும். நாலாம் குறுக்குத் தெருவிலை ஒரு முதலாளி அதை வாங்கி, கதிரையிலையிருந்து எழும்பாமலே இன்னொரு முதலாளிக்கு விப்பார். பிறகு லொறி. குருநாகல், தம்புள்ளை, வவுனியா, மாங்குளம். முந்நூறு கிலோமீற்றருக்கு மேலை. முறிகண்டியிலை லொறி நிக்கும், பிள்ளையாருக்கு ட்ரைவர் தேங்காய் உடைப்பார். கிளிநொச்சிக் கடை. அங்கையிருந்து பட்டாவிலை என்ரை கடை. இலங்கையைக் கிட்டத்தட்ட ஒரு சுத்துச் சுத்தியாச்சு. அந்தத் தேங்காய்க் காசும் சேர்த்துத்தான் நூறு கிராம் விலை சொல்லுறன். சனம் என்னைக் கொள்ளைக்காரி எண்டுது.

தம்பி: இதைத்தான் நாங்கள் பெறுமதிச் சங்கிலி எண்டு சொல்லுறது.

அக்கா: சங்கிலி ஆற்றை கழுத்திலை தொங்குதெண்டு உம்மடை அறிக்கையிலை இருக்கோ?

(தம்பி தட்டச்சுச் செய்கிறார். இந்தக் கேள்வியையல்ல, "சந்தைத் தகவல் பற்றிய விழிப்புணர்வு தேவை" என்று.)

அக்கா: இன்னொண்டையும் எழுதும். இந்த வன்னி மண்ணிலையே செத்தல் போட்டவை நாங்கள். 1970 க்கும் 77 க்கும் நடுவிலை வெளியிலையிருந்து மிளகாய், வெங்காயம் வாறதை இறுக்கிப் பிடிச்சாங்கள். படிச்ச பொடியளுக்குக் காணி குடுத்து விசுவமடு, முத்தையன்கட்டிலை குடியேத்தினாங்கள். செத்தல் சாக்கு இஞ்சையிருந்து கொழும்புக்குப் போச்சு தம்பி. எங்கடை ஐயா அந்தக் காசிலைதான் கல்வீடு கட்டினவர். 77 இலை கதவை ஒரேயடியாத் திறந்தாங்கள். மிளகாயின்ரை லொறி மற்றப் பக்கம் திரும்பினது அண்டைக்குத்தான்.

தம்பி: ஆனா அக்கா, திறந்த சந்தையிலை போட்டித்திறன் முக்கியம். எங்கடை கமக்காரருக்கு அது குறைவு.

அக்கா: போட்டியெண்டால் ரெண்டு பேரும் ஒரே கோட்டிலை நிண்டு ஓடோணும். அங்காலை தமிழ்நாட்டிலை கமத்துக்குக் கறண்ட் சும்மா. இஞ்சை நாங்கள் பம்புக்கு மண்ணெண்ணெய் ஊத்தி இறைச்சுப்போட்டு, விளைச்சலை வித்து மண்ணெண்ணெய்க் கடன் கட்டுறம். 2021 இலை ஒரு நாள் விடியப் பசளையே வேண்டாம், எல்லாரும் இயற்கை எண்டாங்கள். பயிர் மஞ்சளிச்சு நிண்ட பிறகு கார்த்திகையிலை, சரி போடுங்கோ எண்டாங்கள். அடுத்த வருசம் யூரியா ஆரிட்டைக் கேட்டது? உம்மடை கூப்பிடு தூரத்திட்டைத்தான், கடனுக்கு. தமிழ்நாட்டிலையிருந்து அரிசியும் பால்மாவும் வந்து நிவாரணமாக் குடுத்தவை. வாங்கினம், நன்றி சொன்னம். நெல் விளையிற ஊரிலை வரிசையிலை நிண்டு அரிசி வாங்கின வெக்கம் எனக்கு இன்னும் போகேல்லை.

தம்பி: கடந்தகாலத்தை விடுவம். இப்ப கப்பல் ஓடுதே! நாகபட்டினம் – காங்கேசன்துறை.

அக்கா: ஓடுது, நிக்குது, ஓடுது. முதல் தரம் எப்ப விட்டவை? 2023 ஒக்ரோபர் 14. ஐப்பசி பிறக்கிற மாதம். வாடைக் காத்துத் தொடங்கிற மாதம் எதெண்டு இந்தச் சந்தியிலை நிக்கிற மாட்டுக்கும் தெரியும். ரிப்பன் வெட்டினவைக்குத் தெரியேல்லை. ஒரு கிழமை முடியக் கப்பல் நிண்டிட்டுது. அடுத்த முறை வந்தது 2024 ஆவணிக்கு.

தம்பி: ஆனால் வந்தது!

அக்கா: வந்ததிலை ஆக்கள் வந்தவை. நல்ல விசயம், நானும் ஒருக்கால் போய் நாகூரும் வேளாங்கண்ணியும் பாக்கோணும். நான் கேக்கிறது, அந்தக் கப்பலிலை என்ரை செத்தல் சாக்கு ஏறுமோ?

தம்பி: அது... பயணிகள் சேவை அக்கா. பயணப் பொதி மட்டும்.

அக்கா: அப்ப செத்தலுக்குக் கடவுச்சீட்டு எடுத்துக் குடுத்தால்?

(தம்பி சிரிக்கவில்லை. அவருடைய அலுவலகத்தில் இதைவிடச் சிரிப்பான முன்மொழிவுகளுக்குக் காசு ஒதுக்கியிருக்கிறார்கள்.)

தம்பி: நீங்கள் எதிர்மறையாவே பாக்கிறியள். தலைமன்னார்ப் பக்கத்தைப் பாருங்கோ. போரிலை அழிஞ்ச தண்டவாளத்தைத் திருப்பிப் போட்டு 2015 இலை ரயில் விட்டாச்சு. அங்காலை பாம்பனிலை 2025 சித்திரையிலை புதுப் பாலமே திறந்தாச்சு.

அக்கா: அதைத்தான் நானும் சொல்லுறன். இஞ்சாலை ரயில் கடல் மட்டும் வந்து நிக்குது. அங்காலையும் ரயில் ராமேஸ்வரம் மட்டும் வந்து நிக்குது. ரெண்டும் கூப்பிடு தூரத்திலை நிண்டு ஒண்டையொண்டு பாக்குது. 1914 இலை வெள்ளைக்காரன் சென்னையிலை ஒரு ரிக்கற் வெட்டினால் அதிலையே கொழும்புக்கு வந்து இறங்கலாம். நடுவிலை தனுஷ்கோடியிலை கப்பல். 64 மார்கழிப் புயல் தனுஷ்கோடியைத் தின்ன, ராமேஸ்வரத்திலையிருந்து கப்பல் விட்டவை. எண்பதுகளிலை அதுவும் நிண்டுபோச்சு. நூறு வருசத்துக்கு முன்னம் ஓடின வழியைத் திரும்ப ஓடலாமோ எண்டு பாக்கிறதுக்கு இப்ப என்ன செய்யிறியள்?

தம்பி: சாத்தியவள ஆய்வு.

அக்கா: நினைச்சனான்.

தம்பி: பாலம் பற்றியும் பேசுகினம். தரைவழிப் பாலம். வந்தால் அக்கராயன் ஒரு கேந்திர இடம். ஒப்பந்தங்களும் இருக்கு. 1998 இலை சுதந்திர வர்த்தக உடன்படிக்கை, 2000 பங்குனியிலை நடைமுறை. அதிலை இலங்கையின்ரை ஏற்றுமதி எப்படி ஏறினதெண்டு தெரியுமோ?

அக்கா: தெரியும். செம்பு.

தம்பி: ...

அக்கா: ஏன் மோனை விக்கிறீர்? செம்புச் சுரங்கம் ஒண்டு தோண்டாத நாடு, வரியில்லாமல் இந்தியாவுக்குச் செம்பு ஏத்தினது. பழஞ்செம்பைக் கப்பலிலை கொண்டந்து, உருக்கி, எங்கடை சரக்கெண்டு முத்திரை குத்தி. பிறகு வனஸ்பதி. பாம் எண்ணெய் வெளிநாட்டுது, ஆலை போட்டவை கனபேர் அங்காலை ஆக்கள், சாப்பிடுறது அங்காலை சனம். எங்கடையெண்டு சொல்ல அதிலை இருந்தது முகவரி மட்டும். இந்தியாக்காரன் கண்டுபிடிச்சு இறுக்கினாப் பிறகு ஆலையளும் போச்சு. அதுக்கு உம்மடை அறிக்கையிலை என்ன பேர்?

தம்பி: ஏற்றுமதிப் பன்முகப்படுத்தல்.

அக்கா: நல்ல பேர். அப்ப 2020 இலை மஞ்சளை உள்ளுக்கை விடாமல் மறிச்சு, கிலோ ஆயிரக்கணக்கிலை போய், வள்ளத்திலை மஞ்சள் மூட்டையோடை வந்த பொடியளைப் பிடிச்சு உள்ளுக்கை போட்டாங்களே, அது என்ன படுத்தல்? செம்பு இல்லாத நாட்டிலையிருந்து செம்பு அனுப்பினவர் தொழிலதிபர். ரசத்துக்கு மஞ்சள் கொண்டந்தவன் கடத்தல்காரன். கஞ்சாவும் வருது, அதை நான் ஞாயப்படுத்தேல்லை. ஆனால் மஞ்சளும் பீடியிலையும் களவாய் வருதெண்டால், வள்ளக்காரனைப் பிடிக்கமுதல் ஏன் வருதெண்டு ஒருத்தர் கேக்கப்படாதோ?

தம்பி: சட்டம் சட்டம்தானே அக்கா.

அக்கா: சட்டம் கடலிலை இல்லையோ? இழுவைப் படகிலை வந்து நாச்சிக்குடாப் பக்கத்து வலையளை அறுத்துக்கொண்டு, கடலின்ரை அடியைச் சுரண்டி மீனை அள்ளிக்கொண்டு போகினம். இறங்குதுறை இல்லை, வரி இல்லை, ஆய்வு இல்லை. இந்த ரெண்டு நாட்டுக்கும் நடுவிலை ஒழுங்கா நடக்கிற ஏற்றுமதி அது ஒண்டுதான். அங்காலை அந்தப் படகிலை நிக்கிறவனும் கூலிக்காரன் எண்டதும் எனக்குத் தெரியும். படகின்ரை சொந்தக்காரன் பிடிபடுறது அருமை.

தம்பி: கொழும்புத் துறைமுகத்தையாவது ஒத்துக்கொள்ளுங்கோ. கப்பல் மாத்தி ஏத்துற கொள்கலனிலை பெரும்பங்கு இந்தியாவின்ரை சரக்கு.

அக்கா: ஓம், இந்தியாவின்ரை சரக்கு வந்து இறங்கி, மற்றக் கப்பலிலை ஏறித் தன்ரை வழிக்குப் போகுது. அதுக்கு அவ்வளவு பெரிய துறைமுகம். எங்கடை ஒரு மூடை கச்சான் போறதுக்கு ஒரு வள்ளம் இல்லை.

தம்பி: எல்லாம் படிப்படியாத்தான் வரும். எல்லைகளைத் திறக்கிறதெண்டது உங்களுக்குப் புது அனுபவம், அதாலை...

அக்கா: என்ன சொன்னீர்?

(தராசுத் தட்டில் இருந்த படிக்கல்லை எடுத்து மேசையில் வைக்கிறா. சத்தமாகத்தான்.)

அக்கா: எல்லை எனக்குப் புதுசோ? நீர் பிறக்கமுதல் ஒரே நாட்டுக்குள்ளை எல்லை பாத்தவள் நான். தொண்ணூறுகளிலை இந்த வன்னிக்குள்ளை யூரியா வரப்படாது, சீமெந்து வரப்படாது, பற்றறி வரப்படாது. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கு. ஜாம் போத்தலிலை திரி போட்டுத்தான் என்ரை பிள்ளையள் படிச்சதுகள். ரேடியோவிலை செய்தி கேக்க ஒராள் சைக்கிள் டைனமோவைச் சுத்தோணும். 2002 இலை பாதை திறந்தாச்சு எண்டாங்கள். ஓமந்தையிலை சாமானை இறக்கு, காட்டு, ஏத்து. அங்காலை ஒரு வரி, இஞ்சாலை ஒரு வரி, நடுவிலை சூனியப் பிரதேசம். 2006 ஆவணியிலை அதையும் பூட்டினாங்கள். பிறகு நடந்ததை இந்தக் கடையிலை வைச்சு நான் கதைக்கமாட்டன். வவுனியா அண்டைக்கு எங்களுக்குக் கூப்பிடு தூரம்தான் தம்பி. தொண்டை கிழியக் கூப்பிட்டம். உம்மைப் போலை ஒருத்தர் வந்து இணைப்புத்திறன் எண்டு ஒரு செயலமர்வு வைச்சவரோ?

(தம்பி மடிக்கணினியைப் பார்க்கிறார். அதில் இதற்குக் கட்டம் இல்லை.)

தம்பி: ... ஒரு பிளேன்ரீ குடிக்கலாமோ அக்கா?

அக்கா: குடியும். சீனி இந்தியன் சீனி, அதையும் எழுதும்.

(பிளேன்ரீ வருகிறது. கோபம் வந்த வேகத்தில் வியாபாரமும் தொடர்கிறது. கடைக்காரருக்கு அந்த வசதி உண்டு, கட்டுரைக்காரருக்கு இல்லை.)

தம்பி: சரி, ஆக்கபூர்வமா முடிப்பம். உங்கடை பிரதேசத்திலையிருந்து அனுப்பக்கூடிய பொருள்?

அக்கா: நெல். கச்சான், முறிகண்டியிலை பஸ்சை நிப்பாட்டிச் சனம் வாங்கிற கச்சான். ஒடியல், பனங்கட்டி, முருங்கைக்காய், கருவாடு. ஆனால் முதல் எனக்கு இந்தியா வேண்டாம், வரி ஒழுங்காய் இருந்தால் காணும். 2024 மார்கழியிலை அரிசிக்குக் கிலோவுக்கு 65 ரூபா வரி போட்டு இறக்குமதிக்கு விட்டாங்கள். கடையிலை அரிசி இல்லை, விட்டது ஞாயம்தான். எங்கடை காலபோகம் தையிலை வெட்டத் தொடங்கும் எண்டதும் அந்தக் கணக்கிலை இருந்ததோ எண்டு கேக்கிறன். காங்கேசன்துறையிலை சரக்கு இறங்கட்டும், இந்தச் செத்தல் ஒரு சுத்துக் குறையட்டும். திரும்பிப் போற கப்பல் வெறுங்கப்பலாப் போகாமல் என்ரை ரெண்டு மூடையை ஏத்தட்டும். அதுக்கான கடுதாசியைக் கொழும்புக்கு ஓடாமல் கிளிநொச்சியிலை தரட்டும். பாலத்தைப் பிறகு கட்டலாம்.

தம்பி: இதிலை எனக்கு ரெண்டு வரிதான் இடம் அக்கா. 'உள்ளூர்ச் சமூகம் பாலத்தை ஆவலுடன் எதிர்பார்க்கிறது' எண்டு போடட்டோ?

அக்கா: வர முதலே போட்டுக்கொண்டு வந்திருப்பீரே.

தம்பி: கடைசிக் கேள்வி. இந்தக் கலந்துரையாடல் உங்களுக்கு... மிகத் திருப்தி, திருப்தி. ரெண்டு பெட்டிதான் இருக்கு. ஒண்டிலை புள்ளடி போடுங்கோ.

அக்கா: உந்தப் பெட்டியளும் கொழும்பு சுத்தித்தான் வந்ததோ? மற்றப் பெட்டி முறிகண்டியிலை இறங்கீட்டுது போலை. பிளேன்ரீக்குக் காசை வைச்சிட்டுப் போம்.