அந்தக் கண்ணாடி அலமாரிப் பக்கம் போயிறாத, மருமவனே

மருமவனே, ஜெபம் பண்ண உக்காந்தா கொட்டாவி வருது, பிரசங்கம் கேட்டா போனைத் தடவத் தோணுது, விசுவாசம் வறண்டு போச்சு மாமா, பரிசுத்தவான்கள் சரித்திரம் ஏதாவது எடுத்துப் படிக்கட்டுமான்னு கேக்க. வேண்டாம்யா. உனக்கு என்ன கொறச்சல்? சேகரக் கமிட்டியில மெம்பர். அசனத்துக்கு எத்தன ஆடு, எத்தன மூட்டை அரிசின்னு கணக்குப் போட உன்ன விட்டா ஊர்ல ஆளில்ல. ரெண்டாம் மணி அடிச்சு முதல் பாட்டும் முடிஞ்ச பொறவு வந்தாலும் முன்பெஞ்சுல உனக்கு இடம் கெடக்கு. இம்புட்டு சொகத்தையும் நீயே கெடுத்துக்கணும்னு தலையெழுத்தா? மாமா வீட்டுக் கண்ணாடி அலமாரியில அந்தப் புஸ்தகங்க அழகா அடுக்கியிருக்கு. பாத்துட்டுப் போ. தொறக்காத.

படிச்சுக் கெட்டுப் போனவிய பட்டியலே என்கிட்ட இருக்கு. அகுஸ்தீனை எடுத்துக்க. 386-ம் வருஷம், மிலான் பட்டணத்துல பேச்சுக்கலை சொல்லிக் குடுக்குற வாத்தியாரு. கௌரவமான உத்தியோகம், பெரிய எடத்துப் பழக்கம். மனந்திரும்பணும்னு ஆசையும் உண்டு, ஆனா இன்னைக்கே என்ன அவசரம்னு நாளைத் தள்ளிக்கிட்டே வந்தவரு. (உன்னச் சொல்லல, நீ ஏன் முழிக்க?) அவர் வீட்டுக்கு ஆப்பிரிக்காக்காரர் ஒருத்தர், பொந்தித்தியானுன்னு பேரு, சும்மா பாக்க வந்தாரு. வந்த எடத்துல எகிப்து வனாந்தரத்துல இருந்த அந்தோணியார் கதையை எடுத்துவிட்டாரு. ராஜா உத்தியோகத்துல இருந்த ரெண்டு பேரு திரீர் பட்டணத்துல உலாத்தப் போனாவளாம். ஒரு குடிசைக்குள்ள அந்தோணியார் சரித்திரம் கெடந்துச்சாம். ஒருத்தர் எடுத்துப் படிச்சாரு. அங்கனயே ரெண்டு பேரும் வேலையை விட்டுட்டாவளாம். சொன்னவரு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. கேட்டவருக்கு இருப்புக் கொள்ளல. தோட்டத்துல போயி அழுது தீத்தாரு. பொறவு வாத்தியார் வேலையும் போச்சு, பேசி வச்சிருந்த கல்யாணமும் போச்சு.

இன்னொருத்தர் இஞ்ஞாசியார். ரோமன் கத்தோலிக்கர்னு மூஞ்சியச் சுளிக்காத, செத்த பொறு. 1521-ல பாம்பலோனா கோட்டைச் சண்டையில பீரங்கிக் குண்டு பட்டுக் காலு ஒடஞ்சுட்டு. லொயோலாவுல வீட்டோட படுக்கை. பொழுது போகல. வாள்வீச்சும் சீமாட்டி காதலும் வாற கதைப் புஸ்தகமாக் கொண்டாங்கன்னு கேட்டாரு. பாவம், அந்த வீட்டுல அது ஒண்ணுகூட இல்ல. இருந்ததெல்லாம் கிறிஸ்துவின் சரித்திரமும் புனிதர்கள் சரித்திரமும்தான். வேற வழியில்லாம படிச்சாரு. படிக்கப் படிக்க ரோசம் வந்துட்டு, இவிய செஞ்சத நான் செஞ்சா என்னன்னு. காலு ஆறினதும் மனுசன் வீட்டுல தங்கல. பின்னால பாரிசுல படிக்கப் போன எடத்துல அவர் மடக்கிப் பிடிச்ச ஆளுதான் சவேரியார். அந்தச் சவேரியார் 1542-ல நம்ம முத்துக்குளித்துறைக்கு வந்து எறங்குனாரு. போன வருஷம் குடும்பத்தோட மணப்பாட்டுக் குகைக்குப் போயி வளச்சு வளச்சு செல்ஃபி எடுத்தியே. லொயோலாவுல அன்னைக்கு ஒரு நாவல் கெடந்திருந்தா நீ எங்க போயி எடுத்திருப்ப?

அதனால சொல்லுதேன், ஆபத்து.

ஆனா நீ விவரமான ஆளு. நான் கேக்காத சரித்திரமா மாமான்னு சொல்லுவ. கேட்டிருக்கத்தான் செய்த, அரைமணி நேரப் பிரசங்கத்துக்கு நடுவுல ஒரு நிமிசம். டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மா கதையில உனக்கு என்ன தெரியும்? சின்னப் பிள்ளையில நீலக் கண்ணு கேட்டு ஜெபம் பண்ணினாவ, காலையில கண்ணாடியில பாத்தா பழைய பழுப்புக் கண்ணேதான், பொறவு இந்தியாவுக்கு வந்த எடத்துல அந்தப் பழுப்புதான் உதவிச்சு. ஆமென். கேட்டு முடிச்சதும் காணிக்கைப் பாட்டு. ஐயருமாரைக் குத்தம் சொல்லல, மணியப் பாத்துப் பேசணும்லா. ஆனா மீன்ல முள்ளை ஆஞ்சு எடுத்துட்டு வெறும் சதையை உருட்டிப் பிள்ளைக்கு ஊட்டுத மாதிரி இத்தன வருஷம் ஊட்டியிருக்காவ, உனக்கும் நாப்பது தாண்டிட்டு.

முள்ளு எங்க இருக்குன்னா, களக்காட்டுல. 1931 அக்டோபர் 24. வேலைக்காக வாடகைக்குப் பிடிச்ச ஒரு வீட்டைப் பாக்க அந்த அம்மா போனாவ. இருட்டுற நேரம். கக்கூசுக்குக் குழி தோண்டுனவன் தோண்டக்கூடாத எடத்துல தோண்டி வச்சிருந்தான். அதுல விழுந்து காலு ஒடஞ்சுது, கணுக்காலு பெசகிட்டு. வயசு அறுபத்து மூணு. அன்னைக்குக் காலையிலதான், உமக்கு இன்னும் நல்லா ஊழியம் செய்ய என்ன வேணும்னாலும் எனக்குச் செய்யும் ஆண்டவரேன்னு ஜெபம் பண்ணியிருந்தாவ. ரெண்டு மாசத்துல எந்திரிச்சு நடந்துருவாவன்னு எல்லாரும் நெனச்சாவ. 1951-ல செத்துப் போறது வரைக்கும் ஏறக்குறைய இருபது வருஷம் அந்த அறையும் கட்டிலும்தான். வலியோட கெடந்துக்கிட்டே புஸ்தகம் புஸ்தகமா எழுதினாவ. இந்தக் கக்கூசுக் குழியை எந்த கன்வென்ஷன்லயாவது கேட்டிருக்கியா? கண்ணு கலரு ஜெபத்துக்கு வெளக்கம் சொல்லிரலாம். குழிக்கு என்னத்தச் சொல்ல?

உண்மையச் சொன்னா கேக்கமாட்டாவங்கிறது அந்த அம்மாவுக்கே நல்லாத் தெரியும். இந்தப் பக்கத்து ஊழியம் எப்படி நடக்குன்னு உள்ளதை உள்ளபடி எழுதிச் சீமைக்கு அனுப்பினாவ. இம்புட்டு சோகமா எழுதினா எப்படி, கொஞ்சம் சந்தோசமா மாத்தி எழுதுங்கன்னு கையெழுத்துப் பிரதி திரும்பி வந்துட்டு. மாத்தல. பொறவு 1903-ல அது அப்படியேதான் அச்சாச்சு.

உனக்கு ஜெபத்துல கொட்டாவி வருதுன்னுதான நீ இம்புட்டு கலங்குத? பர்மாவுக்குப் போன ஜட்சனைக் கேளு. 1813-ல போயி எறங்குனாரு. முதல் ஆளு ஞானஸ்நானம் எடுத்தது 1819-ல. நம்ம ஊரா இருந்தா மூணாம் வருஷமே கமிட்டி கூட்டி அறிக்கை கேட்டிருப்பிய. 1824-ல சண்டை வந்து ஆவா பட்டணத்துச் செறையில போட்டாவ. அவர் பர்மிய மொழியில எழுதி வச்சிருந்த புதிய ஏற்பாட்டுக் காயிதத்தை அவர் சம்சாரம் ஆன் அம்மா ஒரு தலகாணிக்குள்ள வச்சுத் தச்சாவ. எப்படிப்பட்ட தலகாணி? எந்தக் காவக்காரனும் ஆசைப்படாத அளவுக்கு முரடான, அசிங்கமான தலகாணி. அதையும் ஒருத்தன் பிடுங்கினான். அந்த அம்மா அதை விட நல்ல தலகாணி ஒண்ணைக் குடுத்து அதை மாத்தி வாங்கினாவ. பொறவு கைதிகளை வேற எடத்துக்கு அடிச்சு ஓட்டிக்கிட்டுப் போன அவசரத்துல, மேல சுத்தியிருந்த பாயை எடுத்துக்கிட்டு பஞ்சுருண்டையத் தூக்கி எறிஞ்சுட்டாவ. மவுங் இங்குன்னு ஒரு பர்மிய விசுவாசி, ஐயா ஞாபகார்த்தமா இருக்கட்டும்னு அதை எடுத்து வீட்டுல வச்சாரு. உள்ள வேதம் இருக்குன்னு அவருக்கே தெரியாது. மாசக்கணக்குக்குப் பொறவுதான் பிரிச்சுப் பாத்தாவ. இது வரைக்கும் நீ கேட்டிருப்ப, இது நல்ல சாட்சிக் கதை.

அடுத்த அத்தியாயத்தை யாரும் சொல்லமாட்டாவ. செறையில இருந்து வெளிய வந்த கொஞ்ச நாள்ல, 1826-ல, ஆன் அம்மா செத்துட்டாவ. அடுத்த வருஷம் கைப்பிள்ளையும் போயிட்டு. ஜட்சன் காட்டுக்குள்ள ஒரு குடிசையப் போட்டு, தனக்குன்னு ஒரு குழியை வெட்டி, அந்தக் குழி பக்கத்துல போயி உக்காந்துக்கிட்டாரு. தேவன் எங்க இருக்காருன்னே தெரியாத இருட்டு. ஒருநாள் ரெண்டுநாள் இல்ல. அப்படி உக்காந்திருந்த மனுசன் எந்திரிச்சு வந்து 1834-ல முழு வேதாகமத்தையும் பர்மிய மொழியில முடிச்சாரு. எப்படி எந்திரிச்சாருன்னு நான் சொல்லமாட்டேன், அது ஒரு வரியில சொல்லுத சமாச்சாரம் இல்ல. அந்தப் பக்கங்களைப் பொறுமையாத் தாண்டி வந்தாத்தான் புரியும். கொட்டாவி வந்ததுக்கே நான் விசுவாசி லிஸ்டுல இல்லையோன்னு பயப்படுத ஆளுக்கு அந்த இடம் ஆகாது. பயம் தெளிஞ்சிரும்.

இங்க உள்ளூர்ல ஒரு கிறுக்கர் இருந்தாரு, ரிங்கல்தௌபே. பிரஷ்யா நாட்டுக்காரரு. 1797-ல கல்கத்தாவுக்கு வந்தாரு, சரிப்படல, கொஞ்ச காலத்துலயே மூட்டையக் கட்டிக்கிட்டு ஊருக்குத் திரும்பிட்டாரு. ஓடிப்போனவருன்னு பேரு. அதே ஆளு 1804-ல தரங்கம்பாடிக்குத் திரும்பி வந்து, 1806-ல திருவிதாங்கூர் எல்லை தாண்டி மயிலாடிக்குப் போனாரு. கூப்பிட்டவர் யாரு? மகராசன் வேதமாணிக்கம். சிதம்பரம் யாத்திரை போயி, திரும்புற வழியில தஞ்சாவூர்ல சுவிசேஷம் கேட்டவரு. ரிங்கல்தௌபே சம்பளம் வந்த கையோட ஏழைகளுக்குப் போயிரும். ஓலைத் தொப்பி, முரட்டுத் துணி. நம்ம கிட்ட வாரதுல எத்தன பேரு உலக ஆதாயத்துக்கு வாரான்னு லண்டனுக்கு ஒளிக்காம எழுதுவாரு. எண்ணிக்கையைக் கூட்டி எழுதத் தெரியாத மனுசன். 1816-ல ஒடம்பு கெட்டு, சபையை வேதமாணிக்கம் கையில குடுத்துட்டு மெட்ராசுக்குப் போயி நின்னப்ப மேல போட்டுக்க ஒரு கோட்டுகூட இல்ல. கப்பல் ஏறினாரு. எங்க செத்தாரு, எங்க அடக்கம் பண்ணினாவன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அடுத்த மிஷனெரி மீட் ஐயரு 1818-ல வாரது வரைக்கும் சபையைக் கட்டிக் காத்தது வேதமாணிக்கம்தான். அவர் பேரைச் சொன்னா உன் மவனுக்குத் தெரியுமா? கேட்டுப் பாரு. வெள்ளைக்காரர் சரித்திரம் எல்லாத்துலயும் இப்படி ஒரு வேதமாணிக்கம், ஒரு மவுங் இங்கு ஓரத்துல நிப்பாவ. நான் படிக்கும்போது அந்த ஓரத்தைத்தான் தேடுவேன். அது எனக்குள்ள புத்தி.

இன்னொண்ணும் கேட்டுக்க. கேரி ஐயரு செருப்புத் தைக்கிற தொழில்ல இருந்து வந்து வங்காள மொழியில வேதம் குடுத்தாரு, சரி. 1794-ல அஞ்சு வயசுப் பிள்ளை பீட்டர் செத்ததும் அவர் சம்சாரம் டாரத்தி அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுட்டு. மொதல்லயே கப்பல் ஏறமாட்டேன்னு சொன்னவிய அவிய. 1807-ல சாகுத வரைக்கும் அதே நெலமை. ஒரு அறையில அந்த அம்மா கூப்பாடு, பக்கத்து அறையில மொழிபெயர்ப்பு. எனக்கு அந்தப் பக்கத்துல கோவம் வந்துச்சு. இன்னும் ஆறல. அதுக்காக கேரியை அலமாரியில இருந்து எறக்கலயே! சாமுவேல் புஸ்தகத்தை எழுதினவர் தாவீதையும் பத்சேபாளையும் மறைக்கல, வேதத்துலயே அப்படின்னா நாம ஏன் வெள்ளையடிக்கணும்?

ஆனா நீ படிச்சா என்ன செய்வன்னு எனக்குத் தெரியும். ரிங்கல்தௌபேக்குக் கோட்டு இல்ல, நம்ம ஐயருக்கு மட்டும் காரு எதுக்குன்னு கமிட்டியில எந்திரிச்சு நிப்ப. அதுக்குத்தான் இம்புட்டு நேரமா வேண்டாம் வேண்டாம்னு சொல்லுதேன். அந்த ஓலைத் தொப்பியை மொதல்ல உன் தலையில வச்சுப் பாரு. நிக்குதான்னு சொல்லு.

அவ்வளவு பெரிய ஆளுக வேண்டாம் மாமா, நம்மளப் போல ஒண்ணு குடுங்கன்னா, ஏமி அம்மா எழுதின மிமோசா இருக்கு. டோனாவூர்ப் பக்கத்துப் பிள்ளை. ஒரே ஒரு நாள், கொஞ்ச நேரம், தேவன் நேசிக்காருன்னு கேட்டுச்சு. தகப்பன் கையோட வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு. படிப்பு கெடையாது, வேதம் கெடையாது, கோயில் கெடையாது, ஆறுதல் சொல்ல ஒரு விசுவாசி கெடையாது. கல்யாணம், கடன், ஊர் ஏச்சு. அந்தக் கொஞ்ச நேரத்தைப் பிடிச்சுக்கிட்டு இருபத்திரண்டு வருஷம் ஓட்டிட்டு. உனக்கு ஞாயித்துக்கிழமைதோறும் ரெண்டு ஆராதனை, புதன்கிழமை உபவாசக் கூட்டம், போன்ல இருபத்துநாலு மணி நேரமும் பிரசங்கம், வறட்சி மட்டும் உனக்கு!

சரி, சொல்லியும் கேக்கமாட்ட. எடுத்துக்கிட்டுப் போ. பொறப்பு வளர்ப்பு அத்தியாயத்தை வேகமாத் தள்ளு, நடுவுல நின்னு படி. ராத்திரி படுத்துக்கிட்டு படிக்காத, பாதியில தூங்கிருவ. முடிச்ச உடனே சாட்சி சொல்லணும்னு கை அரிக்கும் பாரு, அப்ப எனக்கு முந்தின நாளே தகவல் சொல்லிரு. அன்னைக்கு எனக்குச் சாத்தான்குளத்துல சோலி இருக்கு.