ஹெர்ஷி நூற்பா: மூலமும் உரையும்

பாயிரம்

நூலுக்கு முன் காலம், களம், காரணம் சொல்லுதல் மரபு. காலம்: 1962 மார்ச் 2, வெள்ளி இரவு. களம்: பென்சில்வேனியாவில் சாக்லேட்டால் பேர்பெற்ற ஹெர்ஷி. காரணம்: பிலடெல்ஃபியா வாரியர்ஸ் என்னும் கூடைப்பந்து அணிக்குப் புதிய ரசிகர்கள் வேண்டியிருந்தது, ஆகவே சொந்த ஊர் ஆட்டங்களில் சிலவற்றை வெளியூரில் வைத்துக்கொண்டது. கேட்போர்: 4,124 பேர். ஆக்கியோன்: வில்ட் சேம்பர்லின், உயரம் 7 அடி 1 அங்குலம். ஏட்டில் எழுதியோன்: ஹார்வி பொல்லாக். அணியின் கணக்கரும் விளம்பர அதிகாரியுமான இவரே அன்று நாளேட்டுக்கும் செய்தி நிறுவனங்களுக்கும் நிருபர். ஏடெழுதியவரே சிறப்புப்பாயிரமும் பாடிய அரிய நிகழ்ச்சி இது. பயன்: நியூயார்க் நிக்ஸ் 169-147 எனத் தோற்றது.

மூலம்

சேம்பர்லின்: 48 நிமிடம், 63க்கு 36, 32க்கு 28, ரீபவுண்ட் 25, அசிஸ்ட் 2, புள்ளி 100.

பொழிப்பு

எறிந்தது 63, கூடையில் விழுந்தது 36. ஒன்றுக்கு இரண்டு வீதம் 72. ஃப்ரீ த்ரோ 32இல் விழுந்தது 28, ஒன்றுக்கு ஒன்று வீதம் 28. கூட்ட 100 ஆயிற்று. 'மூன்று புள்ளி எறிதல் எங்கே?' எனின், அதற்கான கோடு என்.பி.ஏ. என்னும் அமெரிக்கக் கூடைப்பந்துச் சங்கத்தின் களத்துக்கு வந்தது 1979-80 பருவத்தில். பிற்கால வழக்கை முற்கால நூலில் தேடுதல் கூடாது.

சிறப்புரை

'32க்கு 28' என்றவிடத்து உரைகாரர் நிறுத்தி மூச்சுவிட வேண்டும். இப்புலவரின் வாழ்நாள் ஃப்ரீ த்ரோ விகிதம் 51.1. பந்தை இடுப்புக்குக் கீழிருந்து இரு கையாலும் தூக்கிப்போட்ட அந்தப் பருவத்தில்கூட 61.3தான். அன்றிரவு மட்டும் 87.5. கீழிருந்து வீசும் முறை பார்க்க அழகாயில்லை எனப் பின்னர் அதைக் கைவிட்டார். விகிதமும் அவரைக் கைவிட்டது. பயன் தருவதை அழகில்லை எனத் தள்ளும் வழக்கம் புலவர்க்கு மட்டும் உரியதன்று என்பது இதனாற் பெறப்படும்.

குற்றமும் மறுப்பும்

நூற்குற்றம் பத்து என்பர். அவற்றுள் மூன்றை இந்நூற்பாவின்மேல் ஏற்றுவாரும் உளர்.

ஒன்று, குன்றக் கூறல். சேம்பர்லின் எதிரணியின் எறிதல்களை எத்தனை முறை தட்டிவிட்டார் என்பது வரியில் இல்லை. இதற்கு ஏடெழுதியவர் பொறுப்பல்லர். தட்டிவிட்டதையும் பறித்ததையும் என்.பி.ஏ. எண்ணத் தொடங்கியதே 1973-74இல். சேம்பர்லினோ 1973இல் ஓய்வுபெற்றுவிட்டார். எண்ணத் தெரிந்தபோது எண்ணப்படுபவர் இல்லை.

இரண்டு, மாறுகொளக் கூறல். ஆட்டம் 48 நிமிடம். அந்தப் பருவத்தில் இவர் களத்தில் நின்ற சராசரி 48.5 நிமிடம். இல்லாத அரை நிமிடம் எங்கிருந்து வந்தது? சமநிலை முறிக்கும் கூடுதல் நேரத்திலும் இவர் உட்காரவில்லை என்க. ஆகவே முரண் இல்லை, முழங்கால்தான் பாவம்.

மூன்று, மிகைபடக் கூறல். இது ஓரளவு மெய்யே. நான்கு கால்பகுதிகளில் அவர் சேர்த்தவை 23, 18, 28, 31. கடைசிப் பகுதியில் இலக்கு தெரிந்துவிட்டது. நிக்ஸ் ஆட்டக்காரர் பந்தை வைத்து நேரம் கடத்தினர். பந்து சேம்பர்லினிடம் போகாதபடி மற்ற வாரியர்ஸ் வீரர்கள்மேல் ஃபவுல் செய்தனர். வாரியர்ஸும் சும்மா இருக்கவில்லை. பந்தைத் திரும்பப் பெறுவதற்காக, முன்னிலையில் இருந்துகொண்டே எதிரணிமேல் ஃபவுல் செய்தனர். ஜெயிக்கிறவன் தோற்கிறவனை அடிக்கும் இந்த விநோதத்துக்குப் புள்ளிப்பட்டியலில் தனிக் கட்டம் கிடையாது.

ஆக்கியோர் யார்?

'100' தனியொருவர் ஆக்கமே என்பர் ஒரு சாரார். அன்று, கூட்டு முயற்சி என்பது எம் துணிபு. அதற்குச் சான்று அடுத்தடுத்த வரிகள்.

கை ராட்ஜர்ஸ் (வாரியர்ஸ்): அசிஸ்ட் 20. கொடுத்த கை ஒன்று, பெயர் பெற்ற கை இன்னொன்று. ஆக்கியோனோ பிறர்க்கு வழங்கியது 2.

ஆல் ஆட்டில்ஸ் (வாரியர்ஸ்): 8 எறிந்து 8, ஃப்ரீ த்ரோ 1க்கு 1, புள்ளி 17. ஒரு பிழைகூட இல்லை. 27 முறை குறி தப்பியவருக்குப் புகழ். ஒருமுறையும் தப்பாதவருக்கு அடிக்குறிப்பு. இருவரும் சேர்ந்து 117 எடுத்தனர் என்றும் பாடம் ஓதலாம்.

டாரல் இம்ஹாஃப்: நிக்ஸின் சென்டர். சேம்பர்லினைத் தடுக்க வந்து, 20 நிமிடத்தில் ஆறு ஃபவுலும் தீர்ந்து வெளியேறினார். இவரைத் துணையாசிரியராகச் சேர்ப்பதே நேர்மை.

இனி நிக்ஸ் பக்கம்: ரிச்சி கெரின் 39, கிளீவ்லண்ட் பக்னர் 33, வில்லி நால்ஸ் 31. கூட்டிப் பார்த்தால் 103. அதாவது, அந்த 100ஐ மூன்று பேர் அதே இரவில், அதே களத்தில் மிஞ்சிவிட்டார்கள். இதை எந்த நாளேடும் தலைப்பாக்கவில்லை.

பாடபேதம்

நூறாவது புள்ளி விழுந்தபோது எஞ்சியது 46 விநாடி. ரசிகர் கூட்டம் களத்துக்குள் பாய்ந்தது. அத்தோடு ஆட்டம் முடிந்தது என்பது ஒரு பாடம். களம் ஒழுங்காகி மிச்சமும் ஆடப்பட்டது என்பது மற்றொன்று. தீர்த்துவைக்கப் படச்சுருள் இல்லை. நான்காம் கால்பகுதியின் வானொலிப் பதிவு மட்டுமே தப்பியது. உடைமாற்றும் அறையில் ஒரு தாளில் '100' என எழுதி ஆக்கியோன் கையில் பொல்லாக் கொடுத்தார். அசோசியேட்டட் பிரஸ்ஸின் பால் வாதிஸ் அதைப் படமெடுத்தார். ஏடு அழிந்தாலும் மூலம் நிலைக்கவேண்டுமென்ற இந்த முன்யோசனை நம் ஏடெழுதியோர் பலர்க்கு வாய்க்கவில்லை.

முடிபு

பட்டியலில் கடைசிக் கட்டத்தை மட்டும் படிப்பது, நூலின் விலையைப் பார்த்து நூலைப் படித்துவிட்டதாகச் சொல்வதற்கு ஒப்பாகும். இதை முதலில் அறிந்தவர்கள் ஆட்டக்காரர்களே. 1961-62இல் சேம்பர்லினின் சராசரி ஆட்டத்துக்கு 50.4 புள்ளி. அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு வாக்களித்தவர்கள் சக வீரர்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது பாஸ்டன் செல்டிக்ஸின் பில் ரஸ்ஸலை. அவருடைய சராசரி 18.9. கோப்பையும் பாஸ்டனுக்கே போனது.