மலர் ஒன்பது, இதழ் ஒன்று

சார் மறுபடியும் எழுத வந்துவிட்டார்.

அட்டையில் சூரியன் உதிக்கிறது. போன தடவையும் உதித்தது. அதற்கு முந்தைய தடவை ஒரு விதை மண்ணை முட்டிக்கொண்டு முளைத்தது. ஒருமுறை பீனிக்ஸ் பறவை வந்தது. நாலு ரோடு பக்கம் டிடிபி கடைப் பையன் கூகுளில் தேடிப் போட்ட அந்தப் பறவை பீனிக்ஸ்தானா, இல்லை சேவலைக் கொஞ்சம் சிவப்பாக்கிவிட்டானா என்று எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. அட்டையைத் திருப்பினால் ‘மலர் 9, இதழ் 1’. சாருடைய மலர்கள் எல்லாமே ஒற்றை இதழ் மலர்கள். எந்த மலரும் இரண்டாவது இதழ் விட்டதாக தர்மபுரி மாவட்டத்தில் ஆதாரம் இல்லை.

நின்றுபோனதைத் திரும்பத் தொடங்குவதையே தொழிலாகக் கொண்டவர்கள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். ஜனவரி எட்டாம் தேதியோடு வெள்ளையாகிவிடும் டைரிகளின் சொந்தக்காரர்கள், மூன்றாவது அத்தியாயத்தில் படுத்துவிட்ட நாவலைப் பரண்மேல் வைத்திருக்கிறவர்கள், ‘தையிலிருந்து தினமும் நாலு பக்கம்’ கோஷ்டி என எல்லோரும் ஒரே குலம். எங்கள் சார் அந்தக் குலத்தின் தலைமகன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வீடு வேறு இலக்கியம்பட்டியில். நிஜமாகவே அப்படி ஓர் ஊர் தர்மபுரியை ஒட்டி இருக்கிறது. எங்கள் ஆட்கள் சிரிக்காமல் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குவார்கள்.

மற்றவர்கள் எழுதுவதற்காக வருவார்கள். சார், வந்ததை எழுதுவார். இதழ் முப்பத்திரண்டு பக்கம் என்றால் பதினான்கு பக்கத்துக்கு ‘மீண்டும் உங்களோடு’ என்ற தலையங்கம். மீதியில் இரண்டு கவிதை, ஒரு நூல் மதிப்புரை (நூல் வந்து இருபது வருஷம் ஆகியிருக்கும்), ஒரு தொடர்கதையின் முதல் பகுதி. தொடர்கதை என்றதும் ஞாபகம் வருகிறது: மலர் நான்கில் கதாநாயகனைத் தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரியில் ஏற்றிவிட்டு ‘தொடரும்’ போட்டார். அந்த ஆள் இன்றுவரை இறங்கிக்கொண்டே இருக்கிறார்.

‘மீண்டும் உங்களோடு’ எப்போதும் ஒரே வழித்தடத்தில் போகும். முதலில், தவிர்க்க இயலாத காரணங்களால் சிறிது காலம் இதழ் வெளிவரவில்லை என்பார். சிறிது காலம் என்பது குறைந்தது இரண்டு வருஷம். அடுத்து, வாசகர்களின் இடைவிடாத வற்புறுத்தலுக்கு இணங்கி வந்திருப்பதாகச் சொல்வார். அந்த வாசகரை எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு எதிரில் டீக்கடை வைத்திருக்கிறார். “என்னாங்க சார், புக்கு வர்றதில்லீங்களா இப்ப?” என்று ஒருநாள் கேட்டார். சர்க்கரை போடவா வேண்டாமா என்று கேட்கிற அதே குரலில்தான் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ஆளுக்கு ஆற்றவும் ஆரம்பித்துவிட்டார். ஆனால் தலையங்கத்தில் அவர் ‘மாவட்டம் முழுவதிலுமிருந்து குவிந்த குரல்கள்’ ஆகிவிட்டார்.

பிறகுதான் காரணங்கள். சாருக்குப் பாலக்கோடு பக்கம் இரண்டு ஏக்கர் இருக்கிறது, தக்காளி போடுவார். விலை ஏறினால் பறிக்க ஆள் தேடி அலையவேண்டும், எழுத நேரம் இல்லை. விலை இறங்கினால் மனம் உடைந்துவிடும், எழுதத் தெம்பு இல்லை. பாலக்கோடு மண்டியில் தக்காளி ஏறாமலும் இறங்காமலும் இருக்கிற நாள் எப்போது வரும், தமிழ் இலக்கியம் எப்போது வளரும் என்று நாங்கள் காத்திருக்கிறோம். 2023இல் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி நாடே அலறியபோது சார் மட்டும் புன்னகையோடு இருந்தார். சரி, காசு வந்துவிட்டது, அச்சுக்கூலிக்குக் கவலையில்லை, இனி எழுதுவார் என்று நினைத்தோம். “மனசு நெறைஞ்சிருக்கறப்ப எழுத்து வராதுங்க” என்றார்.

தக்காளி இல்லாவிட்டால் மாங்காய். மாங்காய் இல்லாவிட்டால் மைத்துனர் வீட்டுக் காதுகுத்து. கண்புரை ஆபரேஷன் ஒரு மலருக்கும் அடுத்த மலருக்கும் நடுவே வலது கண்ணுக்கு நடந்தது, அடுத்த இடைவெளிக்கு இடது கண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டார். 2020இல் கொரோனா வந்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக உலகம் முழுக்கச் சாரோடு ஒத்துழைத்தது. அந்த இடைவெளிக்குப் பிறகு வந்த தலையங்கம் பத்தொன்பது பக்கம். மனித குலமே தவிர்க்க இயலாத காரணங்களுக்கு ஆளாகிவிட்டதில் அவருக்கு இருந்த நிம்மதியை வரிக்கு வரி பார்க்கலாம்.

காரணங்கள் முடிந்ததும் முன்னோர்கள் வருவார்கள். ‘மணிக்கொடி’ 1933இல் தொடங்கியது, நின்றது, 1935இல் பி.எஸ். ராமையா அதைச் சிறுகதைப் பத்திரிகையாக மறுபடி கொண்டுவந்தார். அதுபோல நானும், என்பார். ‘காலச்சுவடு’ 1988இல் தொடங்கி நின்று 1994இல் திரும்ப வந்தது, அதுபோல நானும். சுந்தர ராமசாமி அறுபதுகளின் பிற்பகுதியில் எழுதுவதை விட்டுவிட்டுச் சில வருஷம் மௌனமாக இருந்தார், எழுபதுகளின் தொடக்கத்தில் திரும்பினார், அதுபோல நானும். எல்லாம் சரிதான். சுந்தர ராமசாமி நிறுத்துவதற்கு முன்னால் ‘ஒரு புளியமரத்தின் கதை’யை எழுதி வைத்துவிட்டு நிறுத்தினார் என்கிற சின்ன வித்தியாசத்தை யாராவது எடுத்துச் சொன்னால், சார் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

சி.சு. செல்லப்பாவை மட்டும் தொடமாட்டார். 1959 ஜனவரியில் ‘எழுத்து’வை ஆரம்பித்து, கைக்காசைப் போட்டு, புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து விற்று, 1970இல் நிறுத்துவதற்குள் 119 இதழ் கொண்டுவந்த மனிதர் அவர். அவரோடு ‘அதுபோல நானும்’ பொருந்தாது என்று சாருக்கே தெரியும்.

சுப்பிரமணிய சிவா வராமல் இருக்கவே மாட்டார். பாப்பாரப்பட்டி நம் மாவட்டம், சிவா நம் ஆள். சிவாவுக்கும் எதிர்பாராத இடைவெளி விழுந்தது உண்மைதான். 1908இல் கைதானார். சிறையிலிருந்து 1912 நவம்பரில் வெளியே வந்தபோது உடம்பில் தொழுநோய். மறு வருஷமே ‘ஞானபானு’ மாத இதழைத் தொடங்கிவிட்டார். ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்று எழுத அன்றைக்குத் தமிழ்நாட்டில் முழுத் தகுதி இருந்த ஒரே ஆசிரியர் அவர்தான். பின்னாளில் நோயைச் சொல்லி ரயிலில் ஏறக்கூடாது என்று தடைபோட்டார்கள். நடந்தும் கட்டை வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாரதமாதாவுக்கு ஒரு கோயில் கட்டவேண்டும் என்று பாப்பாரப்பட்டியில் இடம் வாங்கி, சித்தரஞ்சன் தாஸை அழைத்துவந்து அடிக்கல் நாட்டவைத்தார். 1925 ஜூலை 23 அன்று அந்த ஊரிலேயே கண்ணை மூடினார். இதையெல்லாம் சார் நன்றாகவே எழுதுவார். கண்ணில் நீர் வரும். எழுதிவிட்டுக் கடைசியில் அவர் எடுத்துக்கொள்கிற பாடம் என்ன தெரியுமா? ‘ஞானபானு’வில் வந்த பாரதியின் ‘சின்னச் சங்கரன் கதை’ முற்றுப்பெறவில்லை. “பாரதியே முடிக்கல பாருங்க.”

அதற்கப்புறம் சபதம். இனி மாதந்தோறும் முதல் வாரத்தில் இதழ் உங்கள் கையில் இருக்கும். சபதத்துக்கு நல்ல நாள் வேண்டும் என்பதால் பொங்கல், சித்திரை ஒன்று, ஆடி பதினெட்டு, விஜயதசமி ஆகிய தினங்களில் நாங்கள் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்போம். விஜயதசமிதான் ரொம்ப ஆபத்து. அன்றைக்குப் புதுப் பேனா, நீல மை பாட்டில், கோடு போட்ட நீள நோட்டு எல்லாம் வாங்கிவிடுவார். புது மேஜைகூட ஒருமுறை வந்தது. அதில் இப்போது சார் வீட்டு டீச்சரம்மா தையல் மிஷின் வைத்திருக்கிறார்.

சந்தாதாரர்கள் சட்டம் பேசவும் வழியில்லை. பழைய பத்திரிகைப் பதிவுச் சட்டத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஒரு பத்திரிகை வெளிவராவிட்டால் அதன் டிக்ளரேஷன் ரத்தாகிவிடும். சார் அட்டையின் அடியில் பொடி எழுத்தில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று போட்டு, சர்க்காரின் பொறுமைக்கு அப்பால் போய்விட்டார். அது போகட்டும். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். மணி அடித்து ஐந்து நிமிஷம் கழித்து வந்த பையன்களை கேட்டுக்கு வெளியே நிறுத்தியவர் இவர். “லேட்டுன்னா லேட்டுதான், காரணம் சொல்லாத” என்று இவரிடம் பிரம்படி வாங்கியவர்களில் ஒருவர்தான் இப்போது டிடிபி கடை வைத்திருக்கிறார். பதினான்கு பக்கக் காரணத்தையும் அவர்தான் டைப் அடிக்கிறார், முகத்தில் ஒன்றையும் காட்டாமல்.

இந்த ஊரைச் சாக்குச் சொல்லவும் முடியாது. தொலைபேசித் துறையில் வேலைபார்த்துக்கொண்டு தர்மபுரியில் பல வருஷம் இருந்த ஜெயமோகன், ‘விஷ்ணுபுரம்’ என்கிற தலையணை கனமுள்ள நாவலை இங்கிருந்த காலத்தில்தான் முடித்து 1997இல் வெளியிட்டார். ஒருமுறை இதைச் சாரிடம் சொல்லிப் பார்த்தேன். கொஞ்சநேரம் யோசித்தார். “அவருக்குத் தக்காளி இல்லீங்க” என்றார்.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். மலர் ஆறின் தலையங்கத்தில், தக்காளி விலை விழுந்து கிடந்த ஒரு ராத்திரியைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. மண்டியில் வாங்க ஆளில்லை. பக்கத்தில் இருந்த விவசாயி தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டு, பிளாஸ்டிக் பெட்டிகளைக் குழாயடியில் கழுவுகிறார். ஒவ்வொன்றாகக் கழுவி, அடுக்கி, எண்ணி, மறுபடி எண்ணுகிறார். பெட்டி வாடகைப் பெட்டி. ஒன்று குறைந்தாலும் காசு கட்டவேண்டும். சார் அதில் ஒரு புலம்பலும் வைக்கவில்லை, ஓர் ஆச்சரியக்குறிகூடப் போடவில்லை. அந்த ஆள் எண்ணுவதை மட்டும் எழுதியிருக்கிறார். நான் அந்தப் பத்தியை எத்தனையோ பேரிடம் வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஏன் எழுதவில்லை என்று விளக்கம் சொல்லும்போது மட்டும் இந்த மனிதருக்கு எழுத்து வருகிறது. விளக்கத்தை விட்டுவிட்டு இதையே எழுதினால் என்ன என்று கேட்டால், அதைத்தான் அடுத்த இதழில் தொடங்கப்போவதாகச் சொல்வார்.

ஆயுள் சந்தா ஆயிரம் ரூபாய். நான் கட்டியிருக்கிறேன். ஆயுள் சந்தாதாரர்களில் சிலருக்கு ஆயுள் முடிந்துவிட்டது, சந்தா இன்னும் முடியவில்லை. அதைப் பற்றி எனக்கு வருத்தம் கிடையாது. இலக்கியத்துக்குக் கொடுத்த காசு கோயில் உண்டியல் மாதிரி, கணக்குக் கேட்கக்கூடாது.

ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. மலர் ஏழில் ‘மாவட்ட இளம் படைப்பாளிகள் சிறப்பிதழ்’ என்று அறிவித்தார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பேசி, பிள்ளைகளிடம் கதையும் கவிதையும் வாங்கிவந்தார். பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பெண், ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தவள், ஒரு முழு நோட்டையே கொடுத்தாள். பென்சிலில் எழுதி, மேலே பேனாவால் எழுதிய கதைகள். நகல் கிடையாது. ஜெராக்ஸ் எடுக்கவேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? சிறப்பிதழ் வரவில்லை. மலர் எட்டு வந்தது, வேறு காரணங்களோடு. அந்தப் பெண் புத்தகத் திருவிழாவில் என்னைப் பார்த்துக் கேட்டாள். நான் சாரிடம் கேட்டேன். “பத்திரமா இருக்குதுங்க” என்றார். அவளே போனில் கேட்டபோதும் “பத்திரமா இருக்குதும்மா” என்றார். அவள் இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலைக்குப் போகிறாள். எழுதுவதில்லையாம். “அந்த நோட்டு கெடச்சா பாக்கலாம்ணா” என்றாள். அவளுக்கும் இடைவெளி விழுந்துவிட்டது. அதைப் பற்றிப் பதினான்கு பக்கம் எழுதிப் போட அவளிடம் பத்திரிகை இல்லை.

சார், இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். யாரைச் சொல்கிறேன் என்றும் தெரிந்திருக்கும். தயவுசெய்து மலர் பத்தில் பதில் எழுதலாம் என்று இருக்கவேண்டாம். பச்சை அட்டை நோட்டு அது. மாடிப்படிக்குக் கீழே சாக்குப்பையில், விற்காத மலர் ஐந்தின் கட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. டீச்சரம்மா பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். எடுத்து வைக்கச் சொல்லி அவரிடமும் சொல்லிவிட்டேன், உங்களை நம்பி இல்லை.